இருமினால் கசிகிறது, மூன்று வாரப் பயிற்சியில் மாற்றமில்லை: அடுத்து என்ன?

கேள்வி இதுதான். 43 வயது, இரண்டு சுகப்பிரசவங்கள். இருமும்போதும் தும்மும்போதும் படிகளில் வேகமாக இறங்கும்போதும் சிறிதளவு சிறுநீர் கசிந்துவிடுகிறது. ஒரு காணொளியைப் பார்த்து மூன்று வாரங்களாக இடுப்புத்தளப் பயிற்சி செய்தும் எந்த மாற்றமும் தெரியவில்லை. இந்தப் பயிற்சி உண்மையிலேயே பலன் தருமா, அல்லது அறுவை சிகிச்சைக்குத்தான் போக வேண்டுமா?

பலன் தரும். ஆனால் மூன்று வாரம் என்பது தீர்ப்பு சொல்லும் காலம் அல்ல. அதைவிட முக்கியமாக, அந்த மூன்று வாரமும் நீங்கள் சுருக்கியது சரியான தசையைத்தானா என்பதை யாரும் சரிபார்க்காத நிலையில், பயிற்சி தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவது பொருந்தாது. இது உங்களிடம் குறை காண்பதற்காகச் சொல்வது அல்ல. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சுருக்கமாக விளக்கிவிட்டு, அவர்கள் அந்தத் தசையைச் சுருக்கும்போது கருவியால் அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்த விதமோ கசிவை இன்னும் அதிகப்படுத்தக்கூடியதாக இருந்தது. அதாவது மேலே இழுக்க வேண்டிய இடத்தில் அவர்கள் கீழே முக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரில் ஒருவர் இருந்து விளக்கியபோதே நிலைமை இது என்றால், காணொளியைப் பார்த்துக் கற்றவர்களின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கைக்கும் காலுக்கும் செய்யும் பயிற்சியில் இந்தச் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் அங்கே அசைவு கண்ணுக்குத் தெரியும். இடுப்புத்தளத் தசைகளோ முழுவதுமாக உள்ளே இருப்பவை. இடுப்பெலும்பின் அடிப்பக்கம் திறந்திருக்கும் ஒரு வளையம். முன்னால் இருக்கும் பூப்பெலும்பிலிருந்து பின்னால் இருக்கும் வால் எலும்பு வரை, அந்தத் திறப்பின் குறுக்கே தூளி கட்டியதுபோல் இந்தத் தசைகள் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். சிறுநீர் வெளியேறும் குழாய், யோனி, மலக்குடல் ஆகிய மூன்று வழிகளும் இதனூடாகவே வெளியே வருகின்றன.

இருமும்போது வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் ஒரு நொடிக்குள் எகிறி, சிறுநீர்ப்பையை மேலிருந்து அழுத்துகிறது. அந்த நேரத்தில் சிறுநீர்க் குழாயின் அடியில் உறுதியான தாங்கல் இருந்தால், அதே அழுத்தம் குழாயையும் நசுக்கி மூடிவிடும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைக் கெட்டியான தரையில் வைத்து மிதித்தால் நீர் நின்றுவிடும். சேற்றில் வைத்து மிதித்தால் குழாய் அமிழ்ந்து போகுமே தவிர நீர் நிற்காது. பிரசவத்தின்போது தசைகளும் அவற்றின் நரம்புகளும் இழுபடுவதாலும், வயது ஏறுவதாலும், மாதவிடாய் நின்ற பிறகு திசுக்கள் மெலிவதாலும் அந்தத் தரை இளகிவிடுகிறது. உங்களுக்கு இருப்பது இந்த வகைக் கசிவு. இதை அழுத்தக் கசிவு என்று அழைக்கலாம். இதில் ‘அழுத்தம்’ என்பது வயிற்றின் அழுத்தம், மன அழுத்தம் அல்ல. இந்தப் பெயரைக் கேட்டுக் குழம்புபவர்கள் நிறைய இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

இனி தசையைக் கண்டுபிடிக்கும் வழி. முதல் சில நாட்களுக்கு மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பலர் கூடியிருக்கும் இடத்தில் வயிற்று வாயு வெளியேறிவிடாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுற்றி இறுக்கத் தொடங்கி, அதே இறுக்கத்தை முன்பக்கமாக, சிறுநீரை அடக்குவதுபோல் கொண்டுவந்து, எல்லாவற்றையும் சேர்த்து உடலுக்குள் மேல்நோக்கி இழுக்க வேண்டும். இறுக்குவது பாதி வேலைதான். மேலே தூக்குவது மறுபாதி. பிறகு முழுவதுமாகத் தளர்த்துங்கள். தளர்த்தும்போது ஏதோ ஒன்று கீழே இறங்கி அமர்வது போன்ற உணர்வு வந்தால் பெரும்பாலும் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

அதை உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. கைக்கண்ணாடியில் பார்த்தால், சரியான சுருக்கத்தின்போது யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே இழுபடுவது தெரியும். அது வெளியே பிதுங்கினால் நீங்கள் முக்குகிறீர்கள் என்று பொருள். கைகளைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு ஒரு விரலை யோனிக்குள் வைத்துப் பார்த்தால், சுற்றிலும் பிடிப்பு விழுவதையும் விரல் உள்நோக்கி இழுக்கப்படுவதையும் உணரலாம். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் உடலை நீங்களே அறிந்துகொள்ளும் இந்த ஐந்து நிமிடம், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் ஐந்து வாரப் பயிற்சியைவிட அதிகம் உதவும் என்பது என் கருத்து.

அடிக்கடி நேரும் பிழைகள் நான்கைந்துதான். மூச்சைப் பிடித்துக்கொள்வது, வயிற்றை உப்பச் செய்வது, பிட்டத்தை இறுக்குவது, தொடைகளை ஒன்றோடொன்று அழுத்துவது, கடைசியாகத் தளர்த்தாமலே அடுத்த சுருக்கத்துக்குப் போவது. மூச்சைப் பிடித்தால் உதரவிதானம் கீழே இறங்கி நின்று, நீங்கள் மேலே தூக்க முயலும் தசையை மேலிருந்து அழுத்தும். ஆகவே மூச்சை வெளியே விட்டபடி சுருக்கத் தொடங்குங்கள். எண்களை வாய்விட்டு எண்ணினாலே மூச்சு தானாக ஓடும். பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தாலும் நீங்கள் பயிற்சி செய்வது அவருக்குத் தெரியக் கூடாது. உடலின் வெளித்தோற்றத்தில் அசைவு தெரிந்தால் வேறு தசைகள் வேலை செய்கின்றன.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுங்கள் என்ற அறிவுரை இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தசை எது என்று அடையாளம் காண ஒருமுறை செய்து பார்த்தால் பாதகமில்லை. அதையே பயிற்சியாக்கிக்கொள்ளக் கூடாது. சிறுநீர்ப்பை சுருங்கிக் காலியாகும்போது இடுப்புத்தளம் தளர வேண்டும் என்பது உடலின் ஏற்பாடு. அதில் மீண்டும் மீண்டும் குறுக்கிட்டால் சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் போகலாம்.

இந்த இடத்தில் சிறிது வரலாறும் பொருந்தும். இப்பயிற்சிக்குப் பெயர் தந்த அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல், 1948இல் இதைப் பற்றி எழுதியபோது வெறும் பயிற்சியை மட்டும் முன்வைக்கவில்லை. யோனிக்குள் வைத்து, சுருக்கத்தின் அழுத்தத்தை முள் காட்டும் ஒரு கருவியையும் அவர் உருவாக்கியிருந்தார். தசை வேலை செய்கிறதா என்று முதலில் மருத்துவர் விரலால் பார்ப்பார். பிறகு அந்தப் பெண்ணே முள்ளின் அசைவைப் பார்த்துத் தன் முன்னேற்றத்தை அறிந்துகொள்வார். காலப்போக்கில் ‘கெகல்’ என்ற பெயர் நிலைத்தது, சரிபார்க்கும் பகுதி மறைந்துபோனது. துண்டறிக்கையில் நான்கு வரியாகச் சுருங்கிய கெகல் பயிற்சி பலருக்குப் பலன் தராததில் வியப்பில்லை.

அளவைப் பொறுத்தவரை, இந்தத் தசைகளில் இரண்டு வகை நார்கள் கலந்திருக்கின்றன என்பதை மனத்தில் வைக்க வேண்டும். பெரும்பகுதி, மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்குபவை. நாள் முழுவதும் உறுப்புகளைத் தாங்குவது இவைதான். மீதி, சட்டென்று சுருங்கி விரைவில் களைப்படைபவை. தும்மலின்போது காப்பாற்ற வேண்டியவை இவை. இரண்டையும் தனித்தனியே பழக்க வேண்டும். முதல் வகைக்கு, உங்களால் பிடிப்பு நழுவாமல் எத்தனை நொடி நிறுத்த முடிகிறது என்று பாருங்கள். மூன்று நொடிதான் என்றால் மூன்றிலேயே தொடங்குங்கள். பத்து நொடி என்பது சென்றுசேர வேண்டிய இடமே தவிர, புறப்படும் இடம் அல்ல. சுருக்கிய நேரத்துக்குக் குறையாத அளவு தளர்த்தி ஓய்வு கொடுத்து, இப்படி 8 முதல் 10 முறை செய்யுங்கள். அதன் பிறகு, ஒரு நொடியில் முழு வலுவோடு சுருக்கி உடனே தளர்த்தும் வேகச் சுருக்கங்கள் 8 முதல் 10. இது ஒரு சுற்று. நாளைக்கு மூன்று சுற்றுகள். பிரிட்டனில் சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் ஒரு நேரத்தில் குறைந்தது 8 சுருக்கங்கள், நாளைக்கு மூன்று முறை, பயிற்றுநரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது. நாளைக்கு இருநூறு முறை, முந்நூறு முறை என்று எண்ணிக்கையைக் கூட்டுவதில் பொருளில்லை. களைத்த தசையோடு செய்யும் சுருக்கம் பிட்டத்துக்கும் தொடைக்கும் தாவிவிடும்.

படுத்த நிலையில் எளிதாக வந்த பிறகு உட்கார்ந்தும், அதற்குப் பிறகு நின்றும் செய்ய வேண்டும். கசிவு நடப்பது நிற்கும்போதும் நடக்கும்போதும்தான். படுக்கையில் மட்டும் பழகிய தசை படிக்கட்டில் உதவிக்கு வராது.

மூன்று வாரத்தில் மாற்றம் தெரியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தத் தசைப் பயிற்சியிலும் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் நடப்பது பெரும்பாலும் நரம்புகளின் பழக்கம்தான்: மூளை அந்தத் தசையை அடையாளம் கண்டு, அதிக நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்கக் கற்றுக்கொள்கிறது. தசை உண்மையிலேயே தடிப்பதும் உறுதிப்படுவதும் அதன் பிறகுதான். எனவே பன்னிரண்டு வாரத்துக்கு முன் முடிவு சொல்ல முடியாது.

ஆனால் அதற்குள்ளேயே பயன் தரக்கூடிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்வதானால் இதை எடுத்துச் செல்லுங்கள். இருமலோ தும்மலோ வருவது தெரிந்த உடனே, அது வெளிப்படுவதற்கு முன்பே இடுப்புத்தளத்தைச் சுருக்கி, இருமி முடிக்கும் வரை பிடித்திருக்க வேண்டும். கனமான பொருளைத் தூக்குவதற்கு முன்பும் குனிந்து எழுவதற்கு முன்பும் இதுவே. வலிமை கூடுவதற்கு முன்பே சரியான நேரத்தில் சுருக்குவதால் மட்டும் பலன் கிடைக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? 1998இல் வெளியான ஓர் ஆய்வில், லேசான அல்லது நடுத்தரக் கசிவு இருந்த முதிய பெண்களுக்கு இதை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே வாரத்தில், இருமும்போது வெளியான சிறுநீரின் அளவு வெகுவாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை வளர்ந்துவிடாது. வேலை செய்தது நேரம் அறிந்து சுருக்கும் பழக்கம். தொடக்கத்தில் நினைவு வைத்துச் செய்ய வேண்டியிருக்கும், நாளடைவில் அனிச்சையாகவே வந்துவிடும். தும்மல் திடீரென்று வந்து ஏமாற்றுவதும் உண்டு. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம்.

பலன் எவ்வளவு என்று கேட்டால், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மதிப்பாய்வைச் சொல்லலாம். அழுத்தக் கசிவு உள்ள பெண்களில், இந்தப் பயிற்சியைச் செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் கசிவு நின்றுவிட்டதாகக் கூறினர்; செய்யாதவர்களில் அப்படிக் கூறியவர்கள் 6 விழுக்காடுதான். சேர்க்கப்பட்ட ஆய்வுகள் பலவும் சிறியவை, பின்தொடர்ந்த காலமும் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியை அறவே விட்டுவிட்டால் பலனும் மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும். நன்றாகத் தேறிய பின் சுற்றுகளைக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்திவிடக் கூடாது.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும், இதைப் படிக்கும் சிலருக்கு வேறு வகைக் கசிவு இருக்கக்கூடும். வீட்டுக் கதவில் சாவியைப் போடும்போதோ தண்ணீர் விழும் ஓசையைக் கேட்டாலோ அடக்க முடியாத அவசரம் தோன்றி, கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடுவது அது. இங்கே சிக்கல் தாங்கலில் இல்லை, சிறுநீர்ப்பை தன் விருப்பத்துக்குச் சுருங்குவதில் இருக்கிறது. இதற்கும் இதே தசை உதவும், ஆனால் பயன்படுத்தும் முறை வேறு. அவசரம் வந்ததும் ஓடாமல், நின்ற இடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து, ஐந்தாறு வேகச் சுருக்கங்களைச் செய்தால், சிறுநீர்ப்பையின் சுருக்கத்தை அடக்கும் செய்தி நரம்பு வழியாகச் செல்கிறது. அலை தணிந்த பிறகு நிதானமாக நடந்து போகலாம். அத்துடன், கழிவறைக்குச் செல்லும் இடைவெளியைச் சிறிது சிறிதாக, சுமார் 15 நிமிடங்கள் வீதம் கூட்டிக்கொண்டே போகும் சிறுநீர்ப்பைப் பயிற்சியைக் குறைந்தது ஆறு வாரம் செய்ய வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தேவையில்லாமல் அடிக்கடி போய் வருவது, கொஞ்சம் நிறைந்தாலே கூக்குரலிடச் சிறுநீர்ப்பைக்குக் கற்றுக்கொடுத்துவிடும். இரண்டு வகையும் கலந்து இருப்பவர்களும் குறைவல்ல.

எல்லோருக்கும் இந்தப் பயிற்சி ஏற்றதும் அல்ல. சிலருக்கு இடுப்புத்தளம் தளர்ந்திருப்பதற்குப் பதிலாக எப்போதும் இறுகிக் கிடக்கும். உடலுறவின்போது வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதற்கே சிரமம், மலம் கழிக்க வெகுநேரம் முக்க வேண்டியிருத்தல், அடிவயிற்றில் தீராத வலி போன்றவை அதன் அடையாளங்கள். இவர்களுக்கு முதலில் தேவை தளர்த்தும் பயிற்சி. இறுகிய தசையை மேலும் இறுக்கினால் தொல்லை கூடும். சிறுநீரில் இரத்தம், எரிச்சலும் காய்ச்சலும், யோனியில் ஏதோ பிதுங்கி நிற்கும் உணர்வு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடங்கி இரவும் பகலும் ஓயாமல் கசிதல் ஆகியவை இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென்று சிறுநீர் கழிக்கவே முடியாமல் போவது, அல்லது கால்களில் பலவீனமும் அந்தரங்கப் பகுதியில் மரத்துப்போன உணர்வும் கசிவோடு சேர்ந்து வருவது தண்டுவட நரம்புகள் தொடர்பான அவசரநிலையாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். கைப்பேசியோடு இணைத்து அழுத்தத்தைத் திரையில் காட்டுபவை, யோனிக்குள் வைக்கும் எடைக் கூம்புகள், மின்தூண்டல் கருவிகள் எனப் பல இருக்கின்றன. 600 பெண்களை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், முறையாகக் கற்றுக்கொண்ட பயிற்சியோடு தசையின் மின்சைகைகளைத் திரையில் காட்டும் கருவியையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. தசையை அடையாளம் காணவே முடியாதவர்களுக்கு அவை சிறிது காலம் உதவலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தைப் பெண்களின் இடுப்புத்தளச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் இரண்டு மூன்று முறை செல்வதற்குச் செலவிடலாம் என்றே சொல்வேன்.

பயிற்சியின் பலனைத் தின்றுவிடும் சில விஷயங்களும் இருக்கின்றன. அதிக எடை வயிற்றின் அழுத்தத்தை எந்நேரமும் உயர்த்தி வைக்கிறது. உடல் பருமனோ மிகை எடையோ உள்ள 338 பெண்களிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 விழுக்காடு எடை குறைத்தவர்களுக்கு வாராந்தரக் கசிவு 47 விழுக்காடு குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் குறைந்தது 28 விழுக்காடு. நாள்பட்ட மலச்சிக்கலும் ஓயாத இருமலும் தனியே கவனிக்கப்பட வேண்டியவை. ஒவ்வொரு முக்கலும் அன்றைய பயிற்சியை எதிர்த்திசையில் இழுக்கிறது. காபி, தேநீரைக் குறைப்பது அவசரக் கசிவு உள்ள சிலருக்கு உதவலாம். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது மட்டும் வேண்டாம், ஏனெனில் அடர்ந்த சிறுநீர் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் கூடும்.

இனி அறுவை சிகிச்சை. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நடுத்தர அல்லது கடுமையான அழுத்தக் கசிவு உள்ள 460 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முதலில் பயிற்சியும் மற்றவர்களுக்கு முதலில் சிறுநீர்க் குழாயின் அடியில் வலைப்பட்டை பொருத்தும் அறுவை சிகிச்சையும் கொடுத்தது. ஓராண்டு முடிவில், தேறியதாகச் சொன்னவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் ஏறத்தாழ 91 விழுக்காடு, பயிற்சிப் பிரிவில் 64 விழுக்காடு. பயிற்சிப் பிரிவினரில் ஏறத்தாழ பாதிப் பேர் பின்னர் அறுவை சிகிச்சைக்கு மாறினர். பயிற்சியை ஆதரிப்பவர்கள் இந்த எண்களைச் சொல்லத் தயங்குவார்கள். நான் அப்படித் தயங்கவில்லை. கசிவு கடுமையாக இருந்தால் அறுவை சிகிச்சை மதிக்கத்தக்க தேர்வுதான். அதே நேரத்தில், பக்கவிளைவுகள் வந்ததெல்லாம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கே. வலைப்பட்டையால் சிலருக்கு ஏற்பட்ட நீடித்த வலி முதலான பாதிப்புகள் காரணமாக 2018இல் இங்கிலாந்தில் அதன் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டதும் நடந்திருக்கிறது. வலையில்லாத வேறு அறுவை முறைகளும், உடற்பயிற்சியின்போது மட்டும் யோனிக்குள் வைத்துக்கொள்ளும் தாங்கிகளும் உண்டு. இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்வதே வழக்கம்.

நீங்கள் சொல்லும் அளவுக் கசிவுக்கு, முறையாகக் கற்ற மூன்று மாதப் பயிற்சிக்கு முன் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. முதலில் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்து தொற்றோ நீரிழிவின் அறிகுறியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் கசிவைக் கூட்டும். அடுத்து, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சென்று, நீங்கள் சுருக்கும்போது அவர் உள்ளே விரல் வைத்துச் சோதித்து, பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான அளவுகோலில் உங்கள் தசையின் வலிமை எத்தனை, எத்தனை நொடி தாங்குகிறது என்று குறித்துத் தரும்படி கேளுங்கள். அன்றிலிருந்து பன்னிரண்டு வாரத்தை எண்ணத் தொடங்குங்கள். அந்த முதல் வாரத்தில் ஏதேனும் மூன்று நாட்களுக்கு, எத்தனை முறை கசிந்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது கசிந்தது, எத்தனை முறை துணி அல்லது அணையாடை மாற்ற வேண்டியிருந்தது என்று எழுதி வையுங்கள். ஆறாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் அதே மூன்று நாள் குறிப்பைத் திரும்ப எழுதி, முதல் தாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சியைத் தொடர்வதா, வேறு சிகிச்சைக்குப் போவதா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசும்போது கையில் இருக்க வேண்டியவை அந்த மூன்று தாள்கள்.